சன்லைட் ஊரின் முன்தோட்டம்

எங்கள் வீட்டில் துணி துவைக்கச் சன்லைட் கட்டிதான் வாங்குவார்கள். அந்தச் சோப்பின் பெயரில் ஓர் ஊர் இருப்பது எம்.ஏ. முடித்து வெகுகாலம் கழித்தே எனக்குத் தெரியவந்தது. லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள போர்ட் சன்லைட். 1888இல் வில்லியம் லீவர் தன் சோப்புத் தொழிற்சாலையையும் தொழிலாளருக்கான கிராமத்தையும் அங்கே கட்டத் தொடங்கினார். அதே ஆண்டுதான் சன்லைட் பெட்டிகள் கல்கத்தா துறைமுகத்தில் வந்திறங்கின.

முதலாளி கட்டிய 'மாதிரி கிராமம்' என்றாலே பித்தலாட்டம் என்று ஒதுக்கிவிடுவது நம் தோழர்களின் வழக்கம். அது போதாது. அவை நிஜமாகவே நல்ல வீடுகள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, நீச்சல்குளம், பிற்பாடு ஒரு கலைக்கூடம்கூட வந்தது. லிவர்பூல் சேரியிலிருந்து வந்தவனுக்கு அது சொர்க்கம்தான். இல்லையென்று சொல்ல நாம் யார்? கேட்க வேண்டியது வேறு. அந்த வீடு யாருடைய காசு?

லீவர் இதை லாபத்தில் பங்கு என்றே சொன்னார். பங்கைக் கையில் கொடுத்தால் விஸ்கியும் மிட்டாயும் கிறிஸ்துமஸ் வாத்துமாக வயிற்றுக்குள் போய்விடும். என்னிடம் விட்டால் நல்ல வீடாகத் தருகிறேன் என்பது அவர் வாதம். அதாவது, காசு உன்னுதுதான், ஆனா அதை என்ன செய்யணும்னு எனக்குத்தான் தெரியும். கூலியாக வந்தால் செலவைத் தொழிலாளி தீர்மானிப்பான். வீடாக வரும்போது அந்தத் தீர்மானம் அவனிடமிருந்து கழன்றுவிடுகிறது. வேலை போனால் வீடும் போகும். வேலைநிறுத்தத்துக்குக் கை தூக்குகிறவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு தெருவில் நிற்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

முன்தோட்டத்தின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. ஆரம்பத்தில் குடியிருந்தவர்கள் அங்கே கோழி வளர்த்தார்கள், துணி காயப்போட்டார்கள். கம்பெனி முன்தோட்டங்களின் பராமரிப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. வாசல், தெருவில் போகிறவர் கண்ணுக்கான காட்சியாயிற்று. சோப்புக்காரன் ஊரில் துவைத்த துணியை வாசலில் உலர்த்த முடியவில்லை! கண்காணிப்பைப் பற்றிப் பேச ஃபூக்கோவின் சிறைக் கோபுரம் வரை நாம் போக வேண்டியதில்லை, இந்தப் புல்தரையே போதும்.

ஆனால் இந்த ஊரை இங்கிலாந்துக்குள் மட்டும் வைத்துப் படிப்பது பாதிப் படிப்புதான். சோப்புக்கு எண்ணெய் வேண்டும். 1911இல் லீவர் பெல்ஜிய அரசோடு ஒப்பந்தம் போட்டுக் காங்கோவில் பாமாயிலுக்காக இறங்கினார். குவிலு ஆற்றுப் பக்கம் அவர் பெயரிலேயே லீவர்வில் என்று ஓர் ஊர் எழுந்தது. எண்ணெய்ப்பனை ஏறிக் குலை வெட்ட ஆட்கள் தாமாக வரவில்லை. காலனி அரசின் வரியும் அதிகாரிகளின் பலவந்தமும் அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தன. லீவர் இறந்து ஆறு ஆண்டுகளில், 1931இல், பெண்டே மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். கட்டடக்கலை நூல்கள் போர்ட் சன்லைட்டின் கூரை வளைவுகளைப் பற்றி விரிவாகப் பேசும். அதே அத்தியாயத்தில் லீவர்வில் வராது.

போர்ட் சன்லைட் வீடுகள் 1980களில்தான் விற்பனைக்கு வந்தன. இன்று அதைச் சுற்றிப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள், பெயர் அப்படியே இருக்கிறது. லீவர்வில்லின் பெயர் மட்டும் மாறி லுசாங்கா ஆகிவிட்டது.