களியில் ஏறி சிறுநீரில் இறங்கும் மக்னீசியம்

காரமடைத் தோட்டங்களிலிருந்து கறிவேப்பிலை கட்டுக்கட்டாக வெளியூர் போகிறது. பச்சிலை என்றாலே மக்னீசியம் உண்டு. பச்சையத்தின் நடுவே இருப்பது அதுதான். ஆனால் தாளிப்பில் போட்டதைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டால் என்ன சேரும்? ராகிக்களிதான் கை கொடுக்கும். 100 கிராம் ராகி மாவில் ஏறக்குறைய 140 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் 20 அளவுதான்.

களி சிறுகுடலுக்கு வந்ததும் மக்னீசியம் பெரும்பாலும் செல்களின் இடுக்கு வழியாகவே ரத்தத்துக்குள் கசிகிறது. ராகியிலுள்ள பைட்டேட் கொஞ்சத்தைப் பிடித்துவைக்கும்; முளைகட்டினால் அந்தப் பிடி தளரும். மிச்சத்தில் ஒரு பங்கைப் பெருங்குடல் இழுத்துக்கொள்ளும். உண்பதில் 30 முதல் 40 சதவீதம்தான் உடம்பில் சேரும். வரத்துக் குறைந்தால் குடலே அந்த விகிதத்தைக் கூட்டிக்கொள்ளும்.

பெரியவர் உடம்பில் மொத்தம் சுமார் 25 கிராம் இருக்கும். பாதிக்கு மேல் எலும்பில், மீதி தசையிலும் மற்றத் திசுக்களிலும். ரத்தத்தில் ஒரு சதவீதம்கூடக் கிடையாது. அங்கே குறைந்தால் எலும்பு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அதனால் லேப் சீட்டில் ‘நார்மல்’ என்று வந்தாலும் உள்ளிருப்பு கரைந்திருக்கலாம்.

கணக்கைச் சரிக்கட்டுவது சிறுநீரகம். ஒரு நாளைக்கு 2,400 மில்லிகிராம் அளவு வடிகட்டி, 95 சதவீதத்துக்கு மேல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஹென்லே வளைவின் ஏறுபகுதி பெரும்பங்கை மீட்கும். கடைசியில் வரும் சேய்மைச் சுருள் குழல்தான் எவ்வளவு விடுவது, எவ்வளவு வைப்பது என்று தீர்மானிக்கும். கால்சியத்துக்கு இருப்பதுபோல இதற்கெனத் தனி ஹார்மோன் இல்லை.

இந்த ஏற்பாடு கெடுவது நீர்பிரிக்கும் மாத்திரை, கட்டுப்படாத சர்க்கரை, குடி, நீடித்த வயிற்றுப்போக்கு ஆகியவற்றால். வருடக்கணக்கில் விழுங்கும் அசிடிட்டி மாத்திரையாலும் மக்னீசியம் குறையலாம் என்று 2011இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. குறைந்தால் அசதி, கை நடுக்கம், கெண்டைக்காலில் குரக்களி, முற்றினால் இதயத் துடிப்பே தடுமாறும். வேடிக்கை என்னவென்றால், மக்னீசியம் போனால் பொட்டாசியமும் சிறுநீரில் ஓடிவிடும். பாராதைராய்டு சுரப்பி மந்தமாகிக் கால்சியமும் இறங்கும். டிரிப்ஸில் பொட்டாசியம் எவ்வளவு ஏற்றினாலும், மக்னீசியத்தைச் சரிசெய்யாதவரை நிற்காது.

எல்லாக் குரக்களிக்கும் மக்னீசியம் காரணமில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது வெளியேற வழியில்லாமல் தேங்கி ஆபத்தாகும். மெடிக்கலில் நீங்களாக மாத்திரை கேட்குமுன் கிரியாட்டினின் பார்த்துக்கொள்ளுங்கள்.