செல்போனில் போலீஸ் சலானா? பணம் கட்டுமுன் படத்தைப் பாருங்க!

டீக்கடையில் நிற்கிறீர்கள். செல்போன் கிணுகிணுக்கிறது. "ஹெல்மெட் இல்லை. அபராதம் ரூ.1,000" என்று தகவல்! நெஞ்சு பகீர் என்கிறது.

முன்பு 100 ரூபாயாக இருந்த அபராதம். 2022 அக்டோபரில் தமிழக அரசு ஆயிரமாக்கியது.

பதறாதீங்க, சார்! தகவலோடு "ஃபைல்" ஏதாவது வந்திருந்தால் தொடாதீங்க. மோசடிக்காரன் விரித்த வலையாக இருக்கும். செல்போனில் ஏற்றினால் பேங்க் பணம் அம்போ!

அசல் சலானை மத்திய அரசின் "பரிவாகன்" இணையதளத்தில் பார்க்கலாம். வண்டி நம்பர் அல்லது சலான் நம்பர் கொண்டு தேடலாம். தள முகவரி "ஜி.ஓ.வி. டாட் இன்" என்று முடிகிறதா, கவனியுங்க.

யாருடைய வண்டி?

சலானில் உள்ள படத்தைப் பாருங்க. நம்பர், இடம், தேதி, நேரம் எல்லாம் சரியா? "3" என்பதை "8" என்று படித்திருக்கலாம். உங்களிடம் இருப்பது ஸ்கூட்டர், படத்தில் மோட்டார் சைக்கிளா? பணம் கட்டாதீங்க. கட்டினால் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி! ஆர்.சி. புத்தகத்துடன் டிராபிக் போலீசில் முறையிடுங்க. தளத்திலும் புகார் பகுதி உண்டு. அங்கும் தீரவில்லையா? கோர்ட்டில் மறுத்து வாதாடலாம்.

வண்டியை விற்றாச்சா? ஆர்.சி.யில் பெயர் மாறாதவரை சலான் உங்களைத் தேடித்தான் வரும்!

தப்பு நம்முடையதுதான் என்றால் கட்டிவிடுங்க. ரசீதைப் பத்திரப்படுத்துங்க. இழுத்தடிக்காதீங்க.

ஆயிரம் ரூபாய்க்குள் ஹெல்மெட்டே வாங்கிவிடலாமே!