ரை செடியின் உபரிக் குரோமோசோம்

ரை கோதுமைக்கு உறவான தானியம். ஜெர்மனியிலும் போலந்திலும் அதன் மாவில் கருத்த ரொட்டி சுடுகிறார்கள். ரையின் செல்லில் வழக்கமாக 14 குரோமோசோம்கள். ஆனால் சில செடிகளில் ஒன்றிரண்டு கூடுதலாக இருக்கும். எட்டு வரைகூடப் போகும். இந்த உபரிகளுக்கு 'பி' குரோமோசோம் என்று பெயர். மக்காச்சோளத்தை ஆராய்ந்த அமெரிக்கர் எல்.எஃப். ராண்டால்ஃப் 1928இல் வைத்த பெயர் அது.

'பி' இல்லாத செடிக்கு ஒரு குறையும் கிடையாது. எண்ணிக்கை ஏறினால்தான் வம்பு. விதை பிடிப்பது குறைகிறது. பிறகு ஏன் அது அழிந்துபோகவில்லை?

விடை மகரந்தத் தூளுக்குள் இருக்கிறது. அங்கே முதல் பிரிவில் இரண்டு உட்கருக்கள் உண்டாகின்றன. ஒன்று மகரந்தக் குழாயை வளர்த்துவிட்டு மடியும். மற்றதிலிருந்துதான் விந்தணுக்கள் வரும். மற்றக் குரோமோசோம்களின் இரு பாதிகளும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போகும்போது, 'பி'யின் பாதிகள் மட்டும் ஒட்டிக்கொண்டே விந்தணுப் பக்கம் போய்விடுகின்றன. ஒன்று இரண்டாகிவிடுகிறது! அப்பட்டமான மோசடி என்றே சொல்வேன். இதை ஆட்டிவைக்கும் பகுதி 'பி'யின் நீண்ட கையின் நுனியில் இருக்கிறது. கோதுமைக்குள் புகுத்தினாலும் ரையின் 'பி' இதே வேலையைக் காட்டுகிறது. மக்காச்சோளத்தில் இது இரண்டாம் பிரிவில் நடக்கிறது. போதாததற்கு, அங்கே 'பி' ஏறிய விந்தணுவே பெரும்பாலும் முட்டையைச் சேருகிறது.

இது எங்கிருந்து வந்தது? ஜெர்மனியின் காட்டர்ஸ்லெபன் ஆய்வு நிலையக் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, 'பி' ஒரு ஒட்டுத்துணி. ரையின் 3ஆம், 7ஆம் குரோமோசோம்களிலிருந்து பெரும்பகுதி, மற்றவற்றிலிருந்து சில துணுக்குகள், பசுங்கணிகத்திலிருந்தும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்தும் வந்த டி.என்.ஏ. எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. பிறந்து ஏறத்தாழ 11 முதல் 13 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அதிலுள்ள மரபணுக்கள் பெரும்பாலும் மூலப் பிரதி வேறிடத்தில் இருக்கும் நகல்கள், பல சிதைந்தவை. சில இன்னும் வேலை செய்கின்றன.

சில செடிகளில் 'பி' எல்லா உறுப்புகளிலும் இருப்பதில்லை. கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் ஜானகி அம்மாள், 1940இல் ஒரு காட்டுச் சோளத்தைப் பற்றி 'நேச்சர்' இதழில் எழுதினார். அதன் பூவில் 'பி' இருக்கிறது, வேரில் இல்லை. கோதுமையின் உறவான ஏகிலாப்ஸ் ஸ்பெல்டாய்டிஸிலும் இதே கதைதான். கருவில் வேர் உருவாகத் தொடங்கும்போதே அங்குள்ள செல்கள் 'பி'யைக் கழித்துவிடுகின்றன. செல் பிரியும்போது 'பி'யின் பாதிகள் சரியாகப் பிரியாமல் பின்தங்கிப்போவதே அதற்கு வழி. மகரந்தத்தில் அதைப் பெருக்கும் அதே பிரியாத குணம், வேரில் அதை ஒழிக்கிறது.