லடாக்கில் வேலை கிடைத்தால்...



டிப்ளமோ கைக்கு வந்ததும் நம்மில் பலர் விண்ணப்பம் போடும் இடங்களில் எல்லைச் சாலைகள் அமைப்பும் ஒன்று. சிவில் முடித்தவர்களுக்கு அங்கே ஜூனியர் இன்ஜினியர் வேலை உண்டு. தேர்வு, உடற்தகுதிச் சோதனை எல்லாம் முடிந்து வரும் ஆர்டரில் 'ஹிமாங்க் திட்டம்' என்றிருந்தால் லடாக் என்று அர்த்தம். உடனே தெருவில் இரண்டு கட்சி. "எய்யா, குளிர்ல வெறைச்சுப் போயிருவியே" என்று ஆச்சி அழுவாள். "சினிமாப் பாட்டுல பாத்த பனிதானலே, ஜாலியாப் போ" என்பான் கூட்டாளி. இரண்டுமே சரியில்லை. என் பெரியப்பா மகன் அங்கே நான்கு வருஷம் வேலை பார்த்தவர். அந்த அண்ணன் சொல்லக் கேட்டதையும் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் பயப்பட வேண்டியது குளிருக்கு அல்ல, உயரத்துக்கு. லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர். நாமோ கடல் மட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அழுத்தம் என்றால் என்னவென்று நம் ஊர்ச் சங்குக் குளியாளியைக் கேட்டால் சொல்வார். பத்து மீட்டர் ஆழம் போனால் உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்காகும்; காது அடைக்கும். லேயில் நடப்பது இதற்கு நேர் எதிர். அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான் என்றாலும், அழுத்தம் குறைந்ததால் ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜன் குறைந்துவிடுகிறது. குளியாளி வேலை முடிந்ததும் மேலே வந்துவிடுவார். நாம் அங்கேயே சாப்பிட்டு, தூங்கி, வேலை பார்க்க வேண்டும்.

உடம்பு இதற்குப் பழகும். அதற்கு நாள் கொடுக்க வேண்டும். 9,000 முதல் 12,000 அடி உயரத்துக்குப் போகும் ஜவான்களுக்கே ராணுவம் ஆறு நாள் ஒதுக்குகிறது. முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. பிறகு நாலு நாள் மெதுவான நடை, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றம். அதற்கும் மேலே போவதென்றால் மறுபடி நாலு நாள். கபடியில் கப் வாங்கியவன், தினமும் முத்துநகர் கடற்கரையில் ஓடுகிறவன் என்ற சலுகையெல்லாம் இதில் கிடையாது. சொல்லப்போனால் பலசாலிதான் முதல் நாளே டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்து மாடியேறி மாட்டிக்கொள்வான்.

நம் பக்கத்துப் பையன் ஒருவன் ஒரு ஒப்பந்தக்காரரிடம் சூப்பர்வைசராகப் போனான். விமானத்தில் இறங்கிய மறுநாளே சைட். தலைவலி, வாந்தி. வெளியே சொன்னால் 'மதராஸி பயந்துட்டான்' என்று சிரிப்பார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மறைத்துவிட்டான். ராத்திரி இருமல், உட்கார்ந்திருந்தாலே மூச்சு வாங்கியது. அறையில் கூட இருந்த பீகார்க்காரர் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதால் பிழைத்தான். நுரையீரலில் நீர் கோத்திருந்ததாம். ஆகவே தலைவலி, குமட்டல் வந்தால் மேற்கொண்டு உயரம் ஏறாதீர்கள். சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், அது நடுச்சாமமானாலும் பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்புங்கள். ஆக்சிஜன் கொடுப்பதும் கீழே இறக்குவதும்தான் வைத்தியம். இதில் வெட்கப்பட்டால் உயிருக்கே ஆபத்து.

டெல்லியிலிருந்து விமானத்தில் ஒன்றேகால் மணி நேரத்தில் லே. சுகமான பயணம்தான், ஆனால் உடம்புக்கு அதுதான் அதிர்ச்சி. கோடையில் ஆர்டர் வந்தால் ஸ்ரீநகர், கார்கில் வழியாகத் தரை மார்க்கம் நல்லது. அங்கங்கே தங்கிப் போனால் உயரம் படிப்படியாகப் பழகும். மணாலி வழியில் 5,000 மீட்டரைத் தாண்டும் கணவாய் உண்டு. இரவு தங்கும் சர்ச்சுவே லேயைவிட உயரம். 2020-இல் திறந்த அடல் சுரங்கப்பாதை ரோத்தாங் கணவாயை மட்டும்தான் தவிர்க்கிறது. பனி விழுந்து கணவாய்கள் மூடிவிட்டால் விமானம்தான் கதி.

இனி குளிர். மார்கழியில் நாம் போர்வை தேடும்போதுகூட இங்கே 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். லேயில் ஜனவரி ராத்திரி மைனஸ் 20 வரை போகும். ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் மேல். உள்ளே பருத்திப் பனியன் வேண்டாம். வேர்வையைக் குடித்துக்கொண்டு முதுகில் ஐஸ் வைத்த மாதிரி இருக்கும். கம்பளி அல்லது தெர்மல் போடுங்கள். வெறுங்கையால் ஸ்பேனரைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். கறுப்புக் கண்ணாடி ஸ்டைலுக்கு அல்ல; பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுத்துவிடும். தேங்காயெண்ணெய் கல்லாக உறைந்து கிடக்கும், நல்லெண்ணெய் தேவலை. தண்ணீர் அங்கே 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பானையில் சோறு வேகாது. குக்கர் கட்டாயம். காற்று வறண்டது என்பதால் நம் ஊர் மக்ரூன் நமுத்துப்போகாது என்பது ஒரு லாபம்!

அறையைச் சூடாக்க 'புகாரி' என்ற அடுப்பு வைப்பார்கள். குளிருக்குப் பயந்து ஜன்னலை முழுக்க அடைத்து, அதை எரியவிட்டுத் தூங்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

வேலையிலும் நாம் படித்தது கொஞ்சம் தலைகீழாகும். இங்கே கான்கிரீட் காய்ந்துவிடுமே என்று சாக்கு நனைத்துப் போடுகிறோம். அங்கே அது உறைந்துவிடுமே என்று போர்த்துவார்கள். தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் விரிவதால், பச்சைக் கான்கிரீட் உள்ளுக்குள்ளேயே உடைந்துபோகும். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று ஐ.எஸ். 7861, இரண்டாம் பகுதியில் இருக்கிறது. கிளம்புமுன் நூலகத்தில் ஒரு தடவை புரட்டுங்கள். மெக்கானிக்கல் நண்பர்களுக்கு: சாதா டீசல் அங்கே மெழுகு பிடித்து ஃபில்டரை அடைக்கும். மைனஸ் 33 வரை ஓடக்கூடிய குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019-இல்தான் லடாக்கில் கொண்டுவந்தது. ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றினால் பிளாக்கே வெடிக்கும்.

கடைசியாக, நம் ஊர் ப்ரீபெய்ட் சிம் அங்கே எடுக்காது. போஸ்ட்பெய்டாக மாற்றிக்கொண்டு கிளம்புங்கள். இறங்கியதும் அம்மாவுக்கு ஒரு போன் போட்டுவிட்டுப் படுத்துவிடுங்கள். லே பஜாரை மூன்றாம் நாள் பார்த்துக்கொள்ளலாம்.