எடை குறைந்த வட்டு எட்டிச் செல்லுமா?

எறியும் பொருள் இலேசாக இருந்தால் நெடுந்தொலைவு செல்லும் என்பார் ஒரு சாரார்; கனமாக இருந்தால்தான் செல்லும் என்பார் மற்றொரு சாரார். காய்ந்த சருகையும் கூழாங்கல்லையும் மாறி மாறி வீசிப் பார்த்தவர் கனத்தின் பக்கம் நிற்பார். இரும்புக் குண்டையும் பந்தையும் வீசிப் பார்த்தவர் இலேசின் பக்கம் நிற்பார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. எனினும் இரண்டும் முழு உண்மை அல்ல. இவ்வழக்கு இன்று மிக்க ஆர்வத்தோடு வாதாடப்படும் இடங்களுள் ஒன்று, வட்டுக் கோல்ஃப் என்னும் விளையாட்டுக் களமாகும்.

கோல்ஃப் ஆட்டத்தில் பந்தைக் கோலால் அடித்துக் குழியில் வீழ்த்துவர். வட்டுக் கோல்ஃபிலோ கோலும் இல்லை, பந்தும் இல்லை, குழியும் இல்லை. பிளாஸ்டிக் வட்டைக் கையால் எறிந்து, சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடையில் விழச் செய்தல் வேண்டும். குறைந்த எறிகளில் ஆட்டத்தை முடிப்பவரே வென்றவராவார். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து ஓக் குரோவ் பூங்காவில் 1975ஆம் ஆண்டு எட் ஹெட்ரிக் என்பவர் இவ்வாட்டத்திற்கென நிலையான களம் ஒன்றை அமைத்தார். அடுத்த ஆண்டே தொழில்முறை வட்டுக் கோல்ஃப் சங்கம் தோன்றிற்று. தமிழில் வட்டெறிதல் என்றதும் ஒலிம்பிக் ஆட்டங்களில் ஆடவர் எறியும் 2 கிலோ வட்டே பலர் நினைவிற்கு வரும். அது வேறு, இது வேறு. ஒலிம்பிக் வட்டு தன் கனத்தால் செல்வது. கோல்ஃப் வட்டு காற்றின்மேல் ஏறிச் செல்வது.

கூடைக்கு அருகில் நின்று இடுவதற்கு ஒரு வகை வட்டும், நெடுந்தொலைவு எறிவதற்கு வேறு வகை வட்டும் உள. பின்னதை ‘டிரைவர்’ என்பர். கோல்ஃபில் முதலடிக்குரிய கோலின் பெயரே வட்டிற்கும் வந்து சேர்ந்தது. தமிழில் அதனைத் தொலைவட்டு எனலாம். பெயரைக் கேட்டுப் புதரில் தொலைந்துபோகும் வட்டு என்று பொருள் கொள்வாரும் இருக்கலாம். ஆடுவோர் அப்பொருளையும் மறுக்கமாட்டார். முன்னாளைய வட்டுகள் உருண்டை விளிம்புடையவை. 1983ஆம் ஆண்டில் டேவ் டுனிபேஸ் என்பார் விளிம்பைச் சரித்துக் கூராக்கிய ‘ஈகிள்’ என்னும் வட்டை இன்னோவா நிறுவனத்தின் வழி வெளியிட்டார். காற்றைக் கிழித்துச் செல்லும் இன்றைய தொலைவட்டுகள் எல்லாம் அதன் வழிவந்தவையே.

வட்டின் எடைக்கு உச்ச வரம்பு உண்டு. குறுக்களவில் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராம் வீதமே எடை இருக்கலாம் என்பது சங்கத்தின் விதி. தொலைவட்டின் குறுக்களவு பெரும்பாலும் 21 சென்டிமீட்டரைச் சற்றே கடந்தது. ஆதலின் அதன் எடை 175 கிராம் அளவில் நின்றுவிடுகிறது. வல்லுநர் பலரும் இவ்வெல்லையை ஒட்டிய வட்டுகளையே கையாள்வர். அதே வடிவில் 150 கிராம் வட்டும், அதனினும் குறைந்ததும் கடைகளில் கிடைக்கின்றன. ஓராண்டு முயன்றும் 70 மீட்டரைத் தாண்ட இயலாதவர், அகவை அறுபதைக் கடந்தவர், பள்ளிச் சிறுவர் ஆகியோர் முன்னே எழும் கேள்வி இதுவே: வல்லுநர் எறியும் கனமான வட்டையே தாமும் எறிந்து பழகுவதா, இலேசானதை வாங்குவதா? தவறான வட்டை வாங்கிவிட்டுத் தம் கையே வலுவற்றது என்று முடிவு கட்டி ஆட்டத்தை விட்டுச் சென்றோர் உண்டு. ஆகவே இது வெறும் கடைப்பேச்சு அன்று.

இலேசான வட்டுக்குச் சார்பாகக் கூறப்படும் முதற் காரணம், அதனை விரைவாக வீசலாம் என்பது. ஏட்டுக் கணக்கின்படி இது சரியே. இரு வட்டுகளுக்கும் கை ஒரே அளவு ஆற்றலைத் தருவதாகக் கொண்டால், 150 கிராம் வட்டு 175 கிராம் வட்டைவிட ஏறத்தாழ 8 விழுக்காடு மிகுந்த விரைவுடன் கிளம்ப வேண்டும். ஆனால் கை வட்டை மட்டுமா வீசுகிறது? தன்னையும் சேர்த்தே வீசுகிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் முன்கையும் உள்ளங்கையும் சேர்ந்து ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ இருக்கும். அதனுடன் செல்லும் வட்டில் 25 கிராம் குறைவது பெரும் மூட்டையிலிருந்து ஒரு பிடி அரிசியை எடுத்தது போன்றது. வட்டு கையின் நுனியில் இருப்பதால் அதன் எடைக்குச் சற்றுக் கூடுதல் மதிப்புண்டு என்பது மெய்யே. ஆயினும் கைக்குக் கிட்டும் விரைவு அந்த 8 விழுக்காட்டை நெருங்குவதில்லை. இலேசான வட்டின் நன்மை இதில் இல்லை. அதனை வேறோரிடத்தில் தேட வேண்டும்.

எஞ்சின் இல்லாது பறக்கும் மிதவை விமானத்தை இங்கு எண்ணிப் பார்க்கலாம். போட்டிக்குச் செல்லும் அவ்விமானங்களின் இறக்கைகளில் வேண்டுமென்றே தண்ணீரை நிரப்புவர். விண்ணில் மிதக்க வேண்டியதற்கு வீண் சுமை ஏற்றுவானேன் என்று தோன்றும். ஒரே வடிவுடைய விமானம் சுமையோடு சென்றாலும் சுமையின்றிச் சென்றாலும், ஒரு மீட்டர் இறங்குவதற்குள் செல்லக்கூடிய மிகு தொலைவு ஏறத்தாழ ஒன்றே. மாறுவது அத்தொலைவைத் தரும் விரைவுதான். கனமானது விரைந்து செல்லும்போது நன்றாக மிதக்கும். இலேசானது மெல்லச் செல்லும்போதே நன்றாக மிதக்கும். விரைவு வேண்டுவோர் தண்ணீர் நிரப்புகின்றனர். மேலெழும் காற்று வலுக்குறைந்த வேளையில் அத்தண்ணீரைத் திறந்துவிடுகின்றனர்.

வட்டிற்கும் இதுவே விதி. 150 கிராம் வட்டு, 175 கிராம் வட்டிற்கு வேண்டிய விரைவில் 7 விழுக்காடு குறைந்திருந்தாலும் காற்றில் நிலைத்து மிதக்கும். மெல்லிய கைக்கு இது பெரிய உதவி. அவர் எறியும் கனமான வட்டு, மிதப்பதற்குரிய விரைவு போதாமையால் விரைவில் தளர்ந்து விழும். அதே எறியில் இலேசானது இன்னும் சிறிது தூரம் மிதந்து செல்லும். வலிய கைக்கோ கதை மாறுகிறது. ஒரே வடிவும் ஒரே விரைவும் உடைய இரு வட்டுகள்மீது காற்றுத் தடையும் ஒன்றே; ஆனால் அத்தடை 150 கிராம் வட்டின் விரைவை ஆறில் ஒரு பங்கு மிகுதியாகக் குறைக்கும். விநாடிக்கு 30 மீட்டர் விரைவில் எறியும் வல்லுநர், இலேசான வட்டுக்குத் தேவைக்கு மேற்பட்ட விரைவைக் கொடுத்து, அவ்விரைவைக் காற்றிடம் பறிகொடுக்கிறார்.

மிதப்பதோடு வட்டின் வேலை முடிந்துவிடுவதில்லை. சாயாமலும் செல்ல வேண்டும். இதனைப் பம்பரம் விட்டவர் எளிதில் அறிவர். நன்கு சுழலும் பம்பரத்தைத் தட்டினால் அது தட்டிய பக்கம் விழுவதில்லை; தலையை ஆட்டிக்கொண்டு வேறு பக்கம் வளையும். சுழலும் வட்டும் அவ்வாறே. வலக்கையால் மார்புக்குக் குறுக்கே இழுத்து எறியும் வட்டு, மேலிருந்து பார்ப்பவருக்கு வலஞ்சுழியாகச் சுற்றும். மிகு விரைவில் காற்று அதன் முன்விளிம்பைக் கீழே அழுத்த முயலும்போது, முன்விளிம்பு தாழ்வதற்கு மாறாக வட்டு வலப்பக்கம் சாயும். விரைவு குறைந்தபின் காற்று முன்விளிம்பை உயர்த்த முயலும். அப்போது இடப்பக்கம் சாயும். முதலில் சற்றே வலமும் பிறகு இடமும் வளைந்து நீண்ட நெளிகோடாகச் செல்லும் எறியே மிகு தொலைவைத் தருவது. மெல்லிய கையினர் எறியும் கனமான தொலைவட்டு அந்த முதற் பாதியைக் காண்பதே இல்லை; கிளம்பிய சிறிது நேரத்தில் இடப்பக்கம் கவிழ்ந்து தரையில் விழும். தொலைவு கிட்டாமைக்குப் பலருக்கும் காரணம் இதுவேயாம்.

எடை குறைந்தால் பம்பரத்தின் பிடிவாதமும் குறையும். ஒரே வடிவில் 175 கிராமிலிருந்து 150 கிராமுக்கு இறங்கினால், சுழற்சியைக் காக்கும் வன்மை ஏழில் ஒரு பங்கு குறைகிறது. காற்றின் தட்டலுக்கு அவ்வட்டு எளிதில் இணங்குவதால், மெல்லிய கை எறிந்தபோதும் அந்த வலப்பக்க வளைவு சிறிதேனும் தோன்றுகிறது. வட்டின் பாதை நீள்கிறது. வலிய கை எறிந்தால் அதே இணக்கம் மிகையாகிவிடும். வட்டு வலப்பக்கமாக உருண்டு கவிழ்ந்து தரையில் ஓடும். ஒரே வட்டை ஒருவர் போற்றுவதும் மற்றொருவர் தூற்றுவதும் இதனாலேயே. இருவரும் பொய் சொல்லவில்லை.

தூற்றுதல் என்றதும் நெற்களத்தின் நினைவு வருகிறது. நெல்லைத் தூற்றுகையில் மணி காலடியில் விழும். பதர் காற்றோடு போகும். காற்றின் போக்கில் எறிந்தால் இலேசான வட்டு பதரின் நன்மையைப் பெறும். எதிர்காற்றில் எறிந்தாலோ பதரின் அவலத்தைப் பெறும்: மேலே தூக்கப்பட்டு, நின்று, பின்னோக்கியும் சரியும். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துப் பிரிம் என்னும் பாலைநில ஊரில் 2016ஆம் ஆண்டு டேவிட் விகின்ஸ் இளையவர் 338 மீட்டர் தொலைவு எறிந்தார். அது பின்னிருந்து வீசும் பலத்த காற்றைத் தேடிச் சென்று எறிந்த எறி. சமநிலத்தில், காற்றில்லாத வேளையில் 150 மீட்டரைத் தாண்டுவோர் வல்லுநருள்ளும் சிலரே. சாதனை எறியை எடுத்துக்காட்டி வட்டு விற்பவர் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

ஊரின் உயரத்தையும் மறத்தல் ஆகாது. கொலராடோ மாநிலத்து டென்வர் நகரம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட ஏழில் ஒரு பங்கு அளவில் குறைவு. வட்டின் எடையும் அதே பங்கு குறைந்தால் கணக்கு நேராகிவிடும். அதாவது டென்வரில் எறியும் 150 கிராம் வட்டு, கடற்கரையில் எறியும் 175 கிராம் வட்டினைப் போலவே பறக்கும். கடற்கரை ஊரில் ஒருவர் கூறும் அறிவுரை மலையூரில் பொய்யாவதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இலேசான வட்டைச் செய்வதும் எளிதாக இருந்ததில்லை. அகன்ற விளிம்புடைய தொலைவட்டில் பிளாஸ்டிக்கின் பெரும்பகுதி விளிம்பிலேயே அமைகிறது. வடிவைக் கெடுக்காமல் அதைக் குறைக்க வழியில்லை. 2011ஆம் ஆண்டில் இன்னோவா நிறுவனம் பிளாஸ்டிக்கினுள் நுண்ணிய காற்றுக்குமிழிகளைப் புகுத்தி, அகல விளிம்பு வட்டுகளையும் 150 கிராமுக்குக் கீழே கொண்டுவந்தது. அதற்கு முன்பே ஜப்பானில் இலேசான வட்டுகளுக்கு மதிப்பு இருந்தது. காரணம் தொலைவு அன்று. மக்கள் நடமாடும் பூங்காக்களில் எறியும் வட்டு எவர்மீதேனும் பட்டால் ஊறு குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காக, ஜப்பான் திறந்த போட்டியில் 160 கிராமுக்குக் குறைந்த வட்டுகளையே எறிய வேண்டும் என்று விதித்திருந்தனர். இத்தகைய விதிக்கு உட்படும் வலிய கையினர், இயல்பிலேயே இடப்பக்கம் வளையும் தன்மை மிகுந்த வடிவைத் தேர்ந்து எடைக்குறைவை ஈடுசெய்யலாம்.

இலேசான வட்டால் தீராத குறை ஒன்று உண்டு. பழகாதவர் பலர் வட்டைக் கையினின்று விடும்போது முன்விளிம்பை உயர்த்தி விடுகின்றனர். அவ்வாறு விட்ட வட்டு மலையேறுவது போல மேலே சென்று, விரைவை இழந்து, இடப்பக்கம் சரிந்து விழும். கனமான வட்டு இப்பிழையை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். இலேசானது பொறுப்பதில்லை, இன்னும் உயரே ஏறி, எறிந்தவர் முன்னேயே வந்து விழும். இவருக்கு முதலில் வேண்டுவது மணிக்கட்டின் திருத்தமே அன்றி வேறு வட்டு அன்று.

வட்டுகளை ஒப்பிட்டுப் பார்ப்போர் பெரும்பாலும் செய்யும் தவறு, வேறு வேறு பெயருடைய இரண்டை எறிந்துவிட்டு எடைமீது தீர்ப்புச் சொல்வது. பெயர் ஒன்றாயினும் இலேசான வட்டின் முதுகு சில வேளைகளில் மிகுதியாகக் குவிந்திருக்கும். அக்குவிவே பறப்பை மாற்றிவிடும். ஆகவே ஒரே பெயர், ஒரே பிளாஸ்டிக், ஒத்த குவிவு உடைய இரண்டைத் தேர்ந்து, காற்று அடங்கிய காலை வேளையில் ஒன்றுவிட்டு ஒன்றாக இருபது முறையேனும் எறிந்து, விழுந்த இடங்களை அடையாளமிட்டுப் பார்த்தல் வேண்டும். எல்லாவற்றுள்ளும் தொலைவில் விழுந்த ஒன்றை மட்டும் கொண்டாடாமல், நடுவில் விழுந்தவற்றின் தொலைவை எண்ணுவது நன்று. கனமானவை இடப்பக்கம் குவிந்து கிடந்தால், 150 கிராம் வட்டு அவருக்கு உதவும். இலேசானவை வலப்பக்கம் சிதறிக் கிடந்தால், 165 கிராமுக்கோ 170 கிராமுக்கோ ஏறிப் பார்க்கலாம்.