ஆமதாபாத்தின் சிதி சையது பள்ளிவாசல்

விடுமுறை வந்ததும் சொந்த ஊருக்குப் பயணச்சீட்டு எடுப்பதே விக்ரோலியில் வாழும் நம் குடும்பங்களின் வழக்கம். அது இயல்பே. ஆயினும் போரிவிலியில் இரவு வண்டி ஏறினால் காலையில் சென்று சேரத்தக்க ஆமதாபாத்தையும் நாம் ஒருமுறை கண்டு வருதல் நலம். அங்கே நம்போன்று பிற மண்ணில் வாழ்வோர் சிந்திக்க வேண்டிய சிறு பள்ளிவாசல் ஒன்று உண்டு.

சுல்தான் அகமது ஷா 1411-ஆம் ஆண்டில் தோற்றுவித்த நகரம் அது. அதனைச் சூழ்ந்திருந்த மதிலில் பெரும்பகுதி இன்று இல்லை. பழைய வாயில்கள் பல நிற்கின்றன. அம்மதில் நகரில், பத்ரா கோட்டையை அடுத்த லால் தர்வாசாவில், வாகன இரைச்சலின் நடுவே சிதி சையது பள்ளிவாசல் அமைந்துள்ளது. அந்நகரின் ஜும்மா பள்ளிவாசலுக்குள்ள பரப்பும் பெருமிதமும் இதற்கு இல்லை.

இதனை 1572-73-இல் கட்டுவித்த சிதி சையது, அபிசீனிய வழியினர். ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இந்நாட்டில் நிலைத்தோரையே சிதிகள் என்பர். மும்பைக்குத் தெற்கே கடல் நடுவே நிற்கும் ஜஞ்சிராக் கோட்டையை ஆண்டவரும் அவ்வினத்தாரே. குஜராத்தின் இறுதிச் சுல்தானான மூன்றாம் முசாபர் ஷாவின் படைத்தலைவர் பிலால் ஜஜார் கானிடம் சிதி சையது பணிபுரிந்தார். பள்ளிவாசல் எழுந்த அதே காலத்தில் அக்பரின் படை குஜராத்தை வென்றது. அரசு வீழ்ந்தது, கட்டடம் நின்றது.

இதன் புகழெல்லாம் அரைவட்டச் சாளரங்களால் வந்தது. சில சாளரங்களில் சதுரச் சதுரமாகக் கோலம்போல் துளைத்த கற்பலகைகள். மேற்குச் சுவரின் இரு சாளரங்களிலோ ஒரு மரம் கிளைவிட்டுக் கொடியாய்ச் சுருண்டு படர்கிறது; இடையே பனையினத்து மரமும் தலைகாட்டுகிறது. குஜராத்தின் கோயில்களிலும் சமணப் பள்ளிகளிலும் பழகிய உளியே இங்கும் வேலை செய்திருக்கிறது. நடுச்சாளரம் மட்டும் வேலைப்பாடின்றிக் கல்லால் அடைபட்டுள்ளது. போர் வந்ததால் பணி நின்றது என்பார் உளர். மாலை வெயில் அம்மரங்களின் ஊடே உள்ளே விழும் வேளையே காணத் தக்க வேளை. தொழுகை நடைபெறும் இடமாதலின் அமைதி காத்தல் நம் கடன்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இஃது அரசு அலுவலகமாயிற்று. கோப்புகள் அடுக்கிய இடத்தில் கலையை யார் நோக்குவார்? 1899 முதல் 1905 வரை வைசிராயாக இருந்த கர்சன் இதனைக் கண்டு, அலுவலகத்தை அகற்றச் செய்தார். 1961-இல் தொடங்கிய ஆமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் சின்னம் இச்சாளர மரத்தைத் தழுவியது. 2017-இல் அம்மதில் நகரம் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இன்று ஆமதாபாத் என்றதும் பலர் மனக்கண்ணில் தோன்றுவது இந்த மரமே.

“நீங்கள் எந்த ஊர்?” என்று இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளையும் கேட்பார் இன்றும் உளர். அயல்வழி வந்தவர் ஒருவர் அளித்த கொடையையே ஒரு மாநகரம் தன் அடையாளமாகப் போற்றுவதை அப்பிள்ளைகள் கண்ணாரக் காணட்டும். வாழும் ஊருக்கு நாம் எதை விட்டுச் செல்லப் போகிறோம் என்ற எண்ணமும் அவர்கள் உள்ளத்தில் எழட்டும்.