ஆங்கிலச் சொற்சேர்க்கையும் மரபுத்தொடரும்: பயிலும் முறை

ஒரு சொல் தன்னோடு வழக்கமாக வரும் சொற்களுடன் மட்டுமே இயல்பாகச் சேர்வதைச் சொற்சேர்க்கை என்பர். ஆங்கிலத்தில் மழைக்கு "ஹெவி", டீக்கு "ஸ்ட்ராங்". இரண்டையும் மாற்றிப்போட்டால் இலக்கணப் பிழை எதுவும் வராது. ஆனால் கேட்பவர் புருவத்தை உயர்த்துவார். ஏன் என்று கேட்டால் வழக்கு அப்படி என்பதுதான் விடை.

தமிழ் மாணவர்களுக்கு இது புதிதன்று. மரபுப்பிழை நீக்குக என்ற வினாவில் இதைத்தான் எழுதுகிறோம். முறுக்குத் தின்றான், தண்ணீர் குடித்தான், கூடை முடைந்தான், சுவர் எழுப்பினான். பசுவுக்குக் கன்று, ஆட்டுக்குக் குட்டி, கோழிக்குக் குஞ்சு. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கடைசி இயலுக்கே மரபியல் என்றுதான் பெயர். ஆங்கிலத்துக்கும் இப்படி ஒரு மரபு உண்டு என்பதை மட்டும் வகுப்பில் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

பிழை எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் தமிழ்ச் சேர்க்கையை அப்படியே மாற்றுவதால் வருகிறது. நாம் பொய் "சொல்கிறோம்". அதனால் மாணவர் "சே எ லை" என்று எழுதுகிறார். ஆங்கிலத்தில் "டெல் எ லை". நாம் கனவு "காண்கிறோம்". அவர்களோ "ஹேவ் எ ட்ரீம்" என்கிறார்கள். தவறும் "செய்கிறோம்", வீட்டுப்பாடமும் "செய்கிறோம்". ஆங்கிலத்தில் முன்னதற்கு "மேக்", பின்னதற்கு "டூ". சளி விஷயத்தில் எல்லாமே தலைகீழ். தமிழில் சளி நம்மைப் பிடிக்கிறது. ஆங்கிலத்தில் நாம் போய்ச் சளியைப் பிடிக்கிறோம், "கேட்ச் எ கோல்ட்".

"டிஸ்கஸ் அபௌட்" என்ற பிழையை மெத்தப் படித்தவர்களும் செய்கிறார்கள். "பற்றி விவாதித்தோம்" என்ற தமிழே காரணம். ஆங்கிலத்தில் "டிஸ்கஸ்" என்ற வினைக்குப் பின் பொருள் நேராக வரும், "அபௌட்" தேவையில்லை. ஆனால் "டாக்" என்றால் "அபௌட்" வேண்டும். "பரீட்சை எழுது" என்பதிலிருந்து வந்த "ரைட் அன் எக்ஸாம்" இந்தியாவில் நிலைத்துவிட்டது; உள்ளூர்க் கடிதத்தில் அதை நான் அடிப்பதில்லை. வெளிநாட்டுப் படிப்புக்கான தேர்வு என்றால் "டேக்" என்று எழுதுவதே நல்லது.

இத்தகைய செய்திகளைப் பயில்வோருக்காகவே தொகுத்துத் தந்தவர் ஏ. எஸ். ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த அவர், வேறு இருவருடன் சேர்ந்து உருவாக்கிய அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை மறுபதிப்பாக வெளியிட்டது. இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷ்னரி அதன் வழிவந்ததே. அதில் பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடுவது வீண். கீழே தரும் எடுத்துக்காட்டு வாக்கியங்களில்தான் சொல்லின் துணைகள் இருக்கின்றன.

மரபுத்தொடர்

சேர்க்கை இறுகி, தனிச்சொற்களின் பொருளும் மறைந்துவிட்டால் அது மரபுத்தொடர். "கிக் த பக்கெட்" என்றால் சாவது (துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் சொல்லக்கூடாத பேச்சுவழக்கு). "த" என்பதை "எ" ஆக்கினால் வாளியை உதைத்த கதையாகிவிடும். தமிழிலும் இதே நுட்பம் உண்டு. "நண்பனைக் கைகழுவினான்" என்பது வேறு, "கையைக் கழுவினான்" என்பது வேறு. இரண்டாம் வேற்றுமை உருபு நுழைந்ததும் மரபுத்தொடர் குழாயடிக்குப் போய்விடுகிறது.

ஒன்றுபோலத் தோன்றுபவை இன்னும் ஆபத்தானவை. "காலை வாரிவிட்டான்" என்றால் நம்ப வைத்துக் கெடுத்தான். ஆங்கிலத்தில் ஒருவர் காலை இழுப்பது, அதாவது "புல் சம்ஒன்ஸ் லெக்", வெறும் விளையாட்டுக் கேலி. முன்னதை நினைத்துப் பின்னதை எழுதினால் குற்றச்சாட்டு வேடிக்கையாகிவிடும்.

நாயும் பூனையுமாக மழை பெய்யும் தொடரை மாணவர்கள் விடவே மாட்டார்கள். அது இன்று பழமை தட்டிய தொடர். "போரிங்" என்றாலே கொட்டும் மழை புரிந்துவிடும்.

பயிற்சி

நோட்டில் தனிச்சொல்லை எழுதி எதிரே பொருள் எழுதும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். "மிஸ்டேக் = தவறு" என்று எழுதாமல் "மேக் எ மிஸ்டேக்" என்று முழுத்தொடராக எழுதி, அடியில் தன்னைப் பற்றிய உண்மையான வாக்கியம் ஒன்றைச் சேர்க்கலாம். அன்றே பத்து முறை படிப்பதைவிட, மறுநாள், நான்காம் நாள், பத்தாம் நாள் என இடைவெளி விட்டு, தமிழ்ப் பக்கத்தை மட்டும் பார்த்து ஆங்கிலத்தை நினைவிலிருந்து எடுக்க வேண்டும். மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நிகழும் என்று ஜெர்மானியரான எபிங்ஹாஸ் 1885இலேயே காட்டியிருக்கிறார்.

பெஞ்சமின் பிராங்க்ளின் இளமையில் கையாண்ட முறையும் எளியது. நல்ல கட்டுரை ஒன்றின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சிறு குறிப்பு எடுப்பார். சில நாள் கழித்துக் குறிப்பை மட்டும் வைத்து முழுக் கட்டுரையையும் எழுதிப் பார்ப்பார். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். நாளிதழின் ஒரு பத்தி போதும், ஆசிரியர் கூடத் தேவையில்லை.

மனப்பாடத்துக்கும் இடம் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் அமைக்கத் தடுமாறும் மாணவரும் "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்ற விடுப்புக் கடிதத்தைப் பிழையின்றி எழுதுவார். தொடராகப் படித்ததன் பலன் அது. அக்காள் திருமணத்துக்கும் அதே "சஃபரிங் ஃப்ரம்" போட்டு எழுதிய கதை ஆசிரியர் அறைகளில் வழங்கும் பழைய வேடிக்கை. "சஃபர் ஃப்ரம்" என்பதற்குப் பின் எவையெல்லாம் வரும் என்று காய்ச்சல், தலைவலி, ஆஸ்துமா, தூக்கமின்மை என நான்கைந்து எழுதிப் பார்த்திருந்தால் திருமணம் அந்த வரிசையில் சேராது என்று அவரே கண்டுபிடித்திருப்பார்.